தோட்டத்து வாசலில் உன் படம்

சங்கரன்கோவில்,
புதன்கிழமை.

அன்பு மகன் சௌந்தரபாண்டியனுக்கு அம்மா எழுதுவது. கோமதியம்மாள் புண்ணியத்தில் எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் போகிற வழியைக் காணோம். நீயும் அந்த வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று திங்கட்கிழமைதோறும் சன்னதியில் நின்று கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். உடம்பு சுகம் என்று எழுதிவிட்டேன், மனசு சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் இந்தப் பேச்சை எடுத்தால் நீ சாமி விஷயம் விடும்மா என்று சொல்லி டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படிப் பாதியில் என் வாயை அடைக்க முடியாது. பக்கத்து வீட்டு ஷாஜித் லீவு முடிந்து நாளைக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான், அவன் பையில்தான் இது வருகிறது. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, செல்போனைத் தூர வைத்துவிட்டு உட்கார்ந்து முழுசையும் படி.

தோட்டத்துக் கதையை முதலில் இருந்தே சொல்லுகிறேன், ஏனென்றால் உனக்கு அந்த ஹாலோபிளாக் வியாபாரி பாண்டியராஜன் போனில் சொன்ன பாதி மட்டும்தான் தெரியும். நம் தெருக்கோடியில் பூங்காவுக்கு என்று விட்ட காலி இடம், நீயும் ஷாஜித்தும் கிரிக்கெட் ஆடி ஊரார் ஜன்னலை எல்லாம் உடைத்த இடம்தான், நீங்கள் போன பிறகு சீமைக்கருவேலம் மண்டிக் காடாகிவிட்டது. ஒரு பக்கம் குப்பை, ஒரு பக்கம் குடித்துப்போட்ட பாட்டில், மிச்ச இடத்தில் பாண்டியராஜன் தன்னுடைய ஹாலோபிளாக் கல்லை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு சொந்த நிலம் மாதிரி லாரியைக் கொண்டுவந்து ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். அதைச் சுத்தம் பண்ணித் தெருவுக்கே பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம் போடலாம் என்று முதலில் வாயைத் திறந்தது பக்கத்து வீட்டு மகபூப் பீவி அத்தைதான். ஷாஜித்தின் வாப்பா மௌத்தான பிறகு அவள் எப்படிக் கிடந்தாள் என்று உனக்குத் தெரியாது, நீ போனில் துக்கம் கேட்டதோடு சரி. நாலு மாசத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்த பிறகும் வாசலுக்கு வரவில்லை, நான் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கூப்பிட்டால் ஒரு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் அவளாகவே சுவர் ஓரம் வந்து நின்று, மதினி அந்த எடத்துல நாலு வெண்டிச் செடி வச்சாக்கூட நல்லா வருமே, சும்மா கெடக்கே என்றாள். எனக்கு வெண்டைக்காயா பெரிசு, அவள் எழுந்து வந்ததுதான் பெரிசு. அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நகராட்சிக்கு நாங்கள் இருவரும் நடையாய் நடந்தோம். கடைசியில் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் செடிகொடி தவிர எந்தக் கட்டடமும் எழும்பக் கூடாது, கோயில் மசூதி சர்ச் என்று எதுவும் வரக் கூடாது, வந்தால் அனுமதி ரத்து என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். வருகிற திங்கட்கிழமை இடத்தைப் பார்க்க ஆள் வருகிறார்கள், அதற்குப் பிறகுதான் வேலியடைத்துத் தருவார்கள். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் போடுவது என்று ஆயிற்று, முதல் கூட்டம் பீவி வீட்டு முற்றத்தில் நடந்தது. ஆளுக்கொரு ஆசை. எதிர்வீட்டு இசக்கியம்மாளுக்கு முருங்கை வேண்டும், அவள் பக்கத்து வீட்டுக்காரிக்கு வாசலுக்கு நேரே முருங்கை நிற்கக் கூடாது, ஒருத்தர் ரோஜா என்கிறார், ஒருத்தர் நடக்கப் பாதை போட்டால் போதும் சுகருக்கு நல்லது என்கிறார். பீவி எல்லாரையும் பேசவிட்டுவிட்டு, மொதல்ல தண்ணி எங்கேருந்து வரும்னு சொல்லுங்க, பொறவு வெயிலு எங்கன விழுதுன்னு பாப்போம், அதுக்கும் பொறவுதான் செடி என்றாள். உன் பெரியப்பாவை விட அதிகாரம் பண்ணுவாள் தெரியுமா, எனக்கே சில நேரம் எரிச்சல் வரும். தண்ணீருக்குத் தன் வீட்டு போர்வெல்லில் இருந்து ஓஸ் குழாய் போட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். காலையும் சாயங்காலமும் போய் நின்று எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்தோம், வேம்பு நிழல் விழுகிற பக்கம் கீரையும் புதினாவும், வெயில் காய்கிற பக்கம் கத்தரியும் மிளகாயும் என்று முடிவாயிற்று. கடப்பாரையைப் போட்டுப் பார்த்தால் அடியில் நல்ல கரிசல், மேலே பூராவும் வீடு கட்டினவர்கள் கொட்டின செங்கல் துண்டு. அதைச் சலித்து எடுத்துவிட்டு ஆட்டுப்புழுக்கை போடலாம் என்று பேசினோம். பாத்தி எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு இரண்டு பக்கமும் ஆளை உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னோம், மிதிக்காமல் நடுவில் களை எடுக்க எட்ட வேண்டும் அல்லவா. இசக்கியம்மாளுக்குக் கை குட்டை, எனக்கு நீளம், அதில் ஒரு சண்டை, பீவி சிரித்தாள் பார், அவள் வீட்டுக்காரர் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. கோலப்பொடியால் தரையில் பாத்தி எல்லாம் கோடு போட்டோம். ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள், ஆடி பிறந்ததும் விதை போட்டுவிடலாம் என்று அத்தனை பேரும் விதை சேர்க்க ஆரம்பித்தோம்.

இதற்கு நடுவில்தான் புற்று. கடைசியாக மிச்சம் நின்ற கருவேலத்தைப் பிடுங்க ஜேசிபி வந்தபோது ஒரு மரத்து மூட்டுக்கு அடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று நின்றது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டான், செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இந்த ஊரில் புற்று மண்ணைத் திருநீறு மாதிரி பூசுகிறவர்கள் நாம், எவன் அதில் கை வைப்பான். பீவியே, அத விட்டுருங்க, நாம சுத்திப் பாத்தி போட்டுக்கிடலாம் என்று சொல்லிக் கோட்டை அழித்துப் புதுசாகப் போட வைத்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அடுத்த வெள்ளிக்கிழமை பாண்டியராஜன் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக வந்தான், புற்றுக்கு மஞ்சள் துணி சுற்றினான். நானும் பூப் போட்டுக் கும்பிட்டேன், சும்மா சொல்லக் கூடாது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு லோடு கல், தகர ஷீட், இரும்புக் குழாய் எல்லாம் எங்கள் பாத்திக் கோட்டின் மேலேயே இறங்கிக் கிடக்கிறது. என்ன பாண்டியராஜா பாத்தி மேல கல்லக் கொட்டி வச்சிருக்க என்று கேட்டேன். ஆத்தா வெயில்ல நிக்கா அக்கா, பாத்துட்டு நமக்கு மனசு கேக்குமா, சின்னதா ஒரு கூரை போடுதேன் என்றான். திங்கட்கிழமை ஆள் வருவார்களே என்றேன். சாமிய எவன் இடிப்பான், வந்தவனும் கும்பிட்டுட்டுத்தான் போவான் என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, புத்துப் பக்கத்துல சுத்தபத்தம் வேணும்லா அக்கா, கண்டவங்க கை வச்ச செடி அங்கன நிக்கப்படாது என்றான். கண்டவர்கள் யார் என்று அவன் பெயர் சொல்லவில்லை. பீவி வீட்டுச் சுவரைத் தாண்டி வந்து கிடக்கிற ஓஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முதல் ஆளாக நிற்கிறவன் பேசுகிற சுத்தபத்தம் இது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிவந்தது என்று கேட்டிருக்கிறேன், காடு வெட்டினது நாங்கள், குடிவருகிறது இவன். கூரை நின்றால் அனுமதி போகும், அனுமதி போனால் தோட்டம் போகும், அதற்குப் பிறகு கோயில் பக்கத்தில் கிடக்கிற அவன் கல்லை எடு என்று யார் சொல்லுவார்கள். இது எனக்குப் புரிகிறது, உன் அப்பாவுக்குப் புரியவில்லை.

இவ்வளவையும் நான் தாங்கிக்கொண்டேன், ஒற்றை ஆளாகச் சண்டை போட எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வாசலில் இரண்டு கம்பு நட்டு ஒரு போர்டு கட்டினார்கள் பார், அதில்தான் என் வாய் அடைத்துப் போயிற்று. ஐந்து தலை நாகம், அதன் பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு என் மகன். கூரை உபயம் திரு. ச. சௌந்தரபாண்டியன், தோஹா கத்தார் என்று உன் பெயர் என் கை அகலத்துக்கு எழுதியிருக்கிறது. பாண்டியராஜன் போன் பண்ணிக் கேட்டானாம், நீ உடனே சரி என்றாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா நீ? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவனுக்கு நீ தேங்காயாக வாய்த்தாய். உன்னைத் திட்டவும் மனசு வரவில்லை, ஏன் சரி என்றாய் என்று எனக்குத் தெரியும். ஆடித் தபசுக்கு வர முடியவில்லையே என்று ஒவ்வொரு வருஷமும் அங்கே இருந்து புலம்புகிறாய், ஊர்ச் சாமி பெயரை யார் சொன்னாலும் உனக்குக் கண் கலங்கிவிடும். அவனுக்கும் அது தெரியும். இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். வெறும் போர்டு என்றால் நான் அன்றைக்கே அவிழ்த்து எறிந்திருப்பேன். உயிரோடு இருக்கிற பிள்ளை படத்தைக் கிழிக்க எந்தத் தாய்க்குக் கை வரும், அதுவும் பாம்புக்குப் பக்கத்தில் இருக்கிற படத்தை. தெருவில் மற்றவர்களும் கனகலட்சுமி மகன் கொடுத்தது, அவளே சம்மதித்துத்தான் இருப்பாள் என்று வாயை மூடிக்கொண்டார்கள். இசக்கியம்மாள் என் முகத்துக்கு நேரே, என்னக்கா, இங்கன ஒண்ணு பேசுதீய, மகன்ட்ட ஒண்ணு பேசுதீய என்று கேட்டுவிட்டாள்.

நேற்று சாயங்காலம் பீவி நம் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு முறுக்கு டப்பா, அதில் அத்தனை விதையும் தனித்தனியாகத் துணியில் முடிந்து வைத்திருந்தது. அடுப்படித் திட்டில் அதை வைத்துவிட்டு, வெண்டி, பாவக்கா, சீனியவரை எல்லாம் இதுல இருக்கு மதினி, நீங்களே போட்டுக்கிடுங்க, தண்ணி எப்ப வேணுமோ எடுத்துக்கிடுங்க, ஓஸு அங்கனயே கெடக்கட்டும், நான் ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வரல என்றாள். நான் எவ்வளவோ சொன்னேன், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சத்தியம் பண்ணினேன், ஒரு வாய் டீ குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்று, சௌந்தரு படம் நல்லா விழுந்திருக்கு மதினி, ஆனா பிள்ள எளச்சாப்ல தெரியுதான், ஒழுங்கா சாப்பிடச் சொல்லுங்க என்றாள். குத்திக் காட்டவில்லையடா, நிஜமாகவே சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லி அழுது தீர்த்திருப்பேன். அந்தப் படத்தை நின்று பார்த்து உன் கன்னம் ஒட்டியிருப்பதைக் கவனித்துவிட்டு வந்து சொல்லுகிறவளிடம் நான் என்னத்தைச் சொல்ல. வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றைக்குக் காலையில் சுவர் ஓரம் நின்று கூப்பிட்டேன், உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மறுபடியும் பழைய மாதிரி ஆகிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அப்பாவைப் பற்றி என்ன எழுத. ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை. சோற்றைப் போட்டு வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கிறார், வாழ்நாளில் செய்யாத வேலை. சாமி காரியத்துல நாம எதுக்கு வாயக் குடுக்கணும், மகபூப் பீவி தங்கமானவதான், ஆனா தெய்வக் குத்தம் வந்தா யாரு பதில் சொல்லுவா என்று அன்றைக்குச் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. அது பயம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஆனால் முட்டிவலியோடு மெதுவாக நடந்து அந்தப் போர்டு வரை போகிறார், எதிரே நின்று பார்க்கிறார், தெரிந்தவர் யாராவது வந்தால் நம்ம பையன்தான் என்று காட்டுகிறார். பெற்றவர், அவர் பெருமையைக் கெடுக்கவும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் புற்று கேட்டதா கூரை வேண்டும் என்று? மழையிலும் வெயிலிலும் தானாக வளர்ந்து நின்ற புற்று அது. கும்பிடுகிறவர்கள் திறந்த வெளியில் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், நானும்தான் தினம் கும்பிடுகிறேன். அதைச் சுற்றி என்ன செடி நிற்க வேண்டும், யார் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லப் பாண்டியராஜன் யார். அரியும் சிவனும் ஒண்ணு என்று ஒரே உடம்பில் சாமி நிற்கிற ஊரில் பிறந்துவிட்டு இவன் பேசுகிற பேச்சு.

இனி நீ செய்ய வேண்டியது. வெள்ளிக்கிழமை இதைப் படித்து முடித்ததும் முதலில் பீவி அத்தைக்குப் போன் போடு. நான் போடச் சொன்னேன் என்று சொல்லாதே. மன்னிப்பு கின்னிப்பு என்று நாடகம் வேண்டாம், கூட்டத்துக்குப் போங்கத்தை, நீங்க இல்லாம அந்தத் தோட்டம் வராது என்று சொல்லு, அது உண்மையும்தான். அடுத்ததாகப் பாண்டியராஜனைக் கூப்பிட்டு என் பெயரும் படமும் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அங்கே இருக்கக் கூடாது, கூரைக்கு நான் கொடுக்கப் போவதில்லை என்று சொல்லு. சாமிக்குச் சொன்ன சொல்லை மீறலாமா என்று கேட்பான், உனக்கும் உள்ளூர அந்தப் பயம் வரும். நீ வாக்குக் கொடுத்தது பாண்டியராஜனுக்கு, கோமதியம்மாளுக்கு இல்லை. நான் அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன், குற்றம் இருந்தால் அது என் தலையில் இறங்கட்டும். நீ கொடுக்கவில்லை என்று தெரிந்தால் தெருவில் பாதிப் பேர் வாயைத் திறப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து கல்லை அப்புறப்படுத்திவிடலாம், திங்கட்கிழமை வருகிறவர்கள் வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஷாஜித்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்து இறங்கினதில் இருந்து தினம் நம் வீட்டில்தான் காலை இட்லி, போர்டு வந்த நாளில் இருந்து வரவில்லை. இன்றைக்கு நானே போய்க் கடிதம் ஒன்று கொண்டுபோவாயா என்று கேட்டேன், முகம் வாடித்தான் இருந்தது, ஆனாலும் கையை நீட்டினான். குடுங்க மாமி, மச்சான்ட்ட நானா எதுவும் கேக்க மாட்டேன், அவனா சொன்னா கேட்டுக்கிடுதேன் என்றான். ஒரே அறையில் படுக்கிறீர்கள், ஒரே சட்டியில் ஆக்கித் தின்கிறீர்கள், அவன் உம்மா இங்கே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். அவனாகக் கேட்கும் வரை காத்திருக்காதே. அவனிடம் மிளகாய்ப்பொடியும் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன், இரண்டு பேருமாகச் சாப்பிடுங்கள், ராத்திரி பரோட்டா வாங்கித் தின்பதைக் குறை. சிவகிரியில் ஒரு பெண் ஜாதகம் வந்திருக்கிறது, பி.எட். படித்திருக்கிறாளாம், நல்ல குடும்பம். அதைப் பற்றி இப்போது பேச எனக்கு மனசு இல்லை, அவர்கள் பஸ் ஏறி இங்கே வீடு பார்க்க வருகிறேன் என்கிறார்கள், வந்தால் முதலில் அந்தப் போர்டைத்தான் பார்ப்பார்கள்.

நீ பேசாவிட்டால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா சொல்லவில்லை என்று சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் கூடுவதற்கு முன்னால் நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போவேன். முதலில் உன் முகத்தை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து, மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் சேலைக்கு நடுவில் வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு திரும்பிப் போய் மிச்சப் போர்டைத் தெருவே பார்க்கக் கிழிப்பேன். உன் அப்பா பார்த்துக்கொண்டு நிற்பார். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அந்த வேலையை என் கையில் வைக்காதே மக்கா.

எந்தக் கோபத்திலும் உன்னை நான் சபித்ததில்லை, இப்போதும் வாழ்த்தித்தான் முடிக்கிறேன். நீண்ட ஆயுசோடு, நல்ல பெயரோடு, நாலு பேர் வாய் நிறையக் கூப்பிடும்படி நன்றாக இரு. போனை முதலில் அத்தைக்குப் போடு, எனக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம். அவள் எடுக்காவிட்டால் எடுக்கும்வரை போடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ச. கனகலட்சுமி.

பி.கு. கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்துவிட்டேன்.